இந்தியன் என்னும் அடைமொழி

(தெல்தெனியவில் நடைபெற்ற கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றி உங்கள் முன் பேச விரும்புகிறேன். சொல்லாராய்ச்சி புலவர்க்குரிய பொழுதுபோக்கு. நாட்சம்பளத்துக்காகப் போராடும் நமக்கு அது எதற்கு என்று எவரேனும் கேட்கக்கூடும். நான் எடுத்துக்கொண்ட சொல் உங்கள் வீட்டுப் பெட்டிக்குள் இருக்கிறது. பிறப்புச் சாட்சிப்பத்திரத்தை விரித்துப் பாருங்கள். தந்தையின் இனம் என்னும் இடத்தில் 'இந்தியத் தமிழர்' என்று எழுதியிருக்கும். அதிலுள்ள 'தமிழர்' நமக்கு விளங்குகிறது. அதன் முன்னே நிற்கும் 'இண்டியன்' என்னும் ஆங்கிலப் பெயரடை எங்கே பிறந்தது, எவ்வழியே இந்த மலைக்கு ஏறி வந்தது, வந்தபின் என்ன செய்தது என்பதே என் பேச்சு.

அச்சொல்லின் தாய் ஓர் ஆறு. வடமொழியில் சிந்து என்றால் ஆறு. வடமேற்கில் ஓடும் பேராற்றுக்கு அதுவே பெயராக நின்றது. பாரசீகர் நாவில் சகரம் ஹகரமாகும். ஆதலால் சிந்து 'ஹிந்து' ஆயிற்று. ஏறக்குறைய 2,500 ஆண்டுகளுக்கு முன் பாரசீகப் பேரரசன் டேரியஸ் கல்லில் வெட்டுவித்த எழுத்துகளில் தன் ஆட்சிக்குட்பட்ட நாடுகளுள் ஒன்றாக அப்பெயரைப் பொறித்தான். பாரசீகரிடமிருந்து அதைக் கேட்ட அயோனியக் கிரேக்கருக்கு ஹகரம் வாயில் நில்லாது; அவர்கள் 'இந்தோஸ்' என்றனர். கிரேக்கரிடமிருந்து இலத்தீனுக்கும், அங்கிருந்து ஆங்கிலத்துக்கும் சென்றது. 9 ஆம் நூற்றாண்டில் ஆல்பிரட் மன்னன் காலத்து ஆங்கில ஏடுகளிலேயே 'இந்தியா' என்னும் நாட்டுப்பெயர் காணப்படுகிறது. அந்நாட்டுக்குரியது எது, அந்நாட்டார் யார் என்று சுட்டுவதற்கான அடைமொழி அதன் பின்னர் எழுந்தது.

இவ்வளவு தூரம் பயணம் செய்த சொல்லை, அந்நாட்டார் எவரும் தம்மைச் சுட்ட முதலில் வழங்கியவர் அல்லர். ஆற்றுக்கு அப்பால் நின்றவன், ஆற்றுக்கு இப்பால் உள்ளவனுக்கு இட்ட பெயர் அது. நம் முன்னோர் நாவலந்தீவு என்றனர். சேர நாடு, சோழ நாடு, பாண்டி நாடு என்றனர். இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1947 இல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது, அப்பெயரைப் பெற்றெடுத்த ஆற்றின் பெரும்பகுதி பாக்கிஸ்தானிடம் போயிற்று. ஆறு ஒரு நாட்டில், பெயர் இன்னொரு நாட்டில்.

பிறன் இட்ட பெயர் என்பதனால் அது எங்கு வேண்டுமானாலும் போய் ஒட்டிக்கொண்டது. 1492 இல் கொலம்பஸ் கடல் கடந்து, தான் இந்தியாவின் ஓரத்தை அடைந்துவிட்டதாக எண்ணி, அங்கே கண்ட மக்களை இந்தியர் என்றான். அவன் எண்ணம் பொய் என்று பின்னர் உலகம் அறிந்தது. பெயரை மட்டும் எவரும் திரும்பப் பெறவில்லை. அமெரிக்கப் பழங்குடியினர் ஐந்நூறு ஆண்டுகளாக அந்தப் பிழையைச் சுமக்கின்றனர். அவர்கள் பயிரிட்ட சோளம் 'இந்தியச் சோளம்' ஆயிற்று. சீனத்தில் செய்த மை, கிழக்குக் கடல் வாணிபத்தின் வழியே வந்ததனால் ஆங்கிலேயனுக்கு 'இந்திய மை' ஆயிற்று. அதே மையைப் பிரெஞ்சுக்காரர் சீன மை என்றே அழைக்கின்றனர். வான்கோழியின் கதை இன்னும் நகைப்புக்குரியது. அது அமெரிக்காவிலிருந்து வந்த பறவை. ஆங்கிலேயர் அதற்குத் துருக்கி என்று பெயர் வைத்தனர். துருக்கியரோ அதை 'ஹிந்தி' என்றனர். பிரெஞ்சுக்காரரும் இந்தியாவிலிருந்து வந்தது என்னும் பொருளில் பெயரிட்டனர். கோழி எங்கிருந்து வந்தது என்று கோழியைத் தவிர மற்ற எல்லாரும் தவறாகச் சொன்னார்கள்.

மேற்கே கரிபியன் தீவுகளுக்கு மேற்கிந்தியத் தீவுகள் என்ற பெயர் நிலைத்துவிட்டது. அங்கே 1838 முதல் கயானாவுக்கும் 1845 முதல் திரினிதாட்டுக்கும் கரும்புத் தோட்டங்களில் உழைக்க நம் இந்தியத் துணைக்கண்டத்து மக்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்டனர். இவர்களை என்னவென்று அழைப்பது? இந்தியர் என்றால் பழங்குடியினரையும் குறிக்கும். மேற்கிந்தியர் என்றால் அத்தீவினர் எல்லாரையும் குறிக்கும். ஆகவே இவர்கள் 'கிழக்கிந்தியர்' ஆயினர். மேற்கிந்தியத் தீவில் பிறந்து மேற்கிந்தியத் தீவிலேயே மடியும் கிழக்கிந்தியர்! ஓர் அடைமொழி தான் சுட்டும் மனிதனைக் காட்டிலும் தன்னைச் சூட்டியவனின் மயக்கத்தையே மிகுதியாகக் காட்டுகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா.

இனி நம் பக்கம் வருவோம். 'இந்தியத் தமிழர்' என்னும் தொடரைத் தமிழிலக்கணம் கற்ற மாணவனிடம் கொடுத்தால் என்ன சொல்வான்? இது தொகை, உருபு மறைந்திருக்கிறது, விரித்தால்தான் பொருள் தெளியும் என்பான். தொகைச்சொல் ஒன்று இரண்டு முதல் ஏழு வரை பொருள்பட்டு மயங்கக்கூடும் என்று நன்னூல் செய்த பவணந்தியார் அந்நாளிலேயே சொல்லி வைத்தார். மரவேலி என்றால் மரத்தால் ஆகிய வேலியா, மரத்தைக் காக்கும் வேலியா? அவ்வாறே இந்தியத் தமிழர் என்றால் இந்தியாவில் பிறந்த தமிழரா? இந்தியாவிலிருந்து வந்தவரின் வழித்தோன்றிய தமிழரா? இந்தியாவின் பிரசைகளாகிய தமிழரா? இந்தியாவுக்கு உரிய தமிழரா? பிறப்பு வேறு, மரபு வேறு, பிரசாவுரிமை வேறு, உரிமை கொண்டாடல் வேறு. விரித்துச் சொன்னால் நான்கும் நான்கு மனிதரைக் குறிக்கும். தொகுத்துச் சொன்னால் நான்கும் ஒரே மனிதன் தலையில் ஏறி உட்காரும். ஆங்கிலப் பெயரடைக்கும் இதே மயக்கம் உண்டு. இம்மயக்கம் புலவனுக்கு வழு, ஆட்சியாளனுக்கு வசதி.

இந்தத் தெல்தெனியவிலிருந்து மகியங்கனைப் பாதையில் சென்றால் மெதமகாநுவர வருகிறது. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் ஒளிந்திருந்து 1815 பெப்ரவரி 18 ஆம் நாள் பிடிபட்டது அவ்வூர்ப் பகுதியில்தான். மதுரை நாயக்கர் உறவுடைய குலத்தவன் அவன். அடுத்த மாதம் 2 ஆம் நாள் ஆங்கிலேயரும் கண்டிப் பிரதானிகளும் செய்துகொண்ட உடன்படிக்கையில், மன்னனின் குலத்தாரையும் அவரைச் சார்ந்தோரையும் சுட்ட ஆங்கிலேயன் ஆண்ட அடைமொழி எது தெரியுமா? இந்தியன் அன்று, 'மலபார்'. மேற்குக் கடற்கரையில் முதலில் இறங்கிய போர்த்துக்கேயர் வாயிலிருந்து வந்த சொல் அது. தமிழ் பேசுவோர் எல்லாரும் அந்நாளில் ஐரோப்பியருக்கு மலபாரிகள். யாழ்ப்பாணத்துத் தமிழரும் அதற்கு விலக்கல்லர். அந்த அடைமொழிக்குள் அடங்கி வெளியேற்றப்பட்ட ஆடவர் அனுமதியின்றிக் கண்டி இராச்சியத்துக்குள் மீண்டும் நுழையலாகாது என்று அவ்வுடன்படிக்கை விதித்தது. மன்னன் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832 இல் அங்கேயே இறந்தான். ஒரு பெயரடையைக் கொண்டு கண்டி மண்ணில் நுழைவைத் தடுக்கும் வழக்கம், 1948 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 133 ஆண்டுகள் முற்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நுழையாதே என்று சொன்ன அதே அரசு, சில ஆண்டுகளுக்குள் வா வா என்று அழைத்தது. கோப்பித் தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்து வந்தவர்களைப் பற்றியும், வழியிலே வாந்திபேதிக்கு இரையானோரைப் பற்றியும் உங்கள் பாட்டிமார் சொன்னதைவிட நான் கூடுதலாகச் சொல்லப் போவதில்லை. கோப்பியை 1869 இல் தோன்றிய இலைநோய் தின்றது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னரே, இதே கண்டி மாவட்டத்து லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார்.

இங்கே நீங்கள் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். தேயிலை இந்த மண்ணின் செடி அன்று; சீனத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தது. ஆனால் உலகச் சந்தைக்குப் போனபோது அதன் பெட்டியில் என்ன எழுதினார்கள்? 'சிலோன் தேயிலை'. 1972 இல் நாட்டின் பெயரே ஸ்ரீலங்கா என்று மாறிய பின்னரும் தேயிலை மட்டும் சிலோன் தேயிலையாகவே விற்கிறது. இறப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். அது பிரேசில் காட்டு மரம். அதன் பாலுக்கு ஆங்கிலேயன் முதலில் வைத்த பெயர் 'இந்திய இறப்பர்'. பார்த்தீர்களா, இங்கும் அதே அடைமொழி! 1876 இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து 1,900 க்கு மேற்பட்ட கன்றுகள் கப்பலேறி வந்து ஹெனரத்கொடையில் நடப்பட்டன. சில காலத்தில் அதுவும் சிலோன் இறப்பர் ஆகிவிட்டது. தேயிலைச் செடியிடம் எவரும் அதன் தந்தையின் பிறப்புச் சாட்சிப்பத்திரத்தைக் கேட்கவில்லை. இறப்பர் மரத்திடம் இடைவிடாமல் ஏழாண்டு வதிந்ததற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்கவில்லை. செடிக்கும் மரத்துக்கும் மண்ணின் அடைமொழி கிடைத்தது. அவற்றை நட்டு, களை பிடுங்கி, கவ்வாத்து வெட்டி, கொழுந்தெடுத்து, பால் வெட்டியவருக்குக் கப்பல் துறையின் அடைமொழியே நின்றது.

நீங்கள் குடியிருக்கும் ஊரையே பாருங்களேன். பழைய தெல்தெனிய நகரம் 1980 களில் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியில் போயிற்று. மக்கள் மேட்டுக்கு வந்து புது நகரம் எழுப்பினர். ஊர் பெயர்ந்தது, பெயரும் உடன் வந்தது. இன்று இங்கே பிறக்கும் குழந்தையை 'நீருக்கடித் தெல்தெனியர்' என்று எந்தப் பதிவாளரும் எழுதுவதில்லை.

1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில்தான் இலங்கைத் தமிழர் என்றும் இந்தியத் தமிழர் என்றும் தனித்தனிக் கூறாக எண்ணினர். வந்தவரையும் இருந்தவரையும் பிரித்தறிவது கணக்கனுக்குத் தேவையாக இருந்திருக்கலாம். அதில் பெருங்குற்றம் காண்பதற்கில்லை. ஆனால் வந்தவரின் பிள்ளைக்கும் பேரனுக்கும் பேரனின் பேத்திக்கும் அதே கூறு தொடர்ந்தது. பிறப்பைக் குறிக்கப் புகுந்த சொல் மரபைக் குறிக்கத் தொடங்கியதை எவரும் கவனிக்கவில்லை. கவனித்தவரும் பேசவில்லை.

1947 பொதுத் தேர்தலில் மலையக மக்கள் வாக்களித்து இலங்கை இந்தியக் காங்கிரஸ் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. நுவரெலியாவிலிருந்து தொண்டமானும், தலவாக்கலையிலிருந்து சி. வி. வேலுப்பிள்ளையும், நாவலப்பிட்டியிலிருந்து இராஜலிங்கமும் அவ்வெழுவருள் அடங்குவர். அடுத்த ஆண்டே 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. இச்சட்டத்தின் மொழித்திறனைப் பாராட்டத்தான் வேண்டும்! யார் பிரசை என்று வகுக்கும் பிரிவில் இந்தியன் என்னும் சொல்லே இல்லை. நாட்டில் பிறந்தவன் என்றால் போதாது. உன் தந்தை இந்நாட்டில் பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. பிறப்புப் பதிவு செவ்வனே நடவாத அந்நாளில் நாட்டின் பல இலட்சம் மக்களிடமும் அந்தத் தாள் கிடையாது. கிராமத்து விவசாயியிடமும் கிடையாது. ஆனால் விவசாயியிடம் எவரும் கேட்கவில்லை. கேட்கப்பட்டவர் யார் என்பதை எழுதப்படாத அடைமொழியே முடிவு செய்தது.

எழுதப்படாதிருந்த சொல் மறு ஆண்டு தலைப்பிலேயே ஏறிக்கொண்டது. 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டம், 'இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோர்' சட்டம். மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் 1946 சனவரி 1 க்கு முன் இடையறாது இங்கே வதிந்ததை மெய்ப்பிக்க வேண்டும். ஒரு தடவை பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஊருக்குப் போய்த் தங்கினால் இடையறவு என்று பொருள். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. 1964 வரையில் ஏறக்குறைய 1,34,000 பேருக்கே உரிமை கிடைத்தது. அதே 1949 இல் வந்த தேர்தல் திருத்தச் சட்டம், பிரசையல்லாதவருக்கு வாக்கில்லை என்றது. 1952 தேர்தலில் அந்த எழுவர் இருந்த இடம் வெறுமை.

இதை நீதிமன்றத்துக்கும் கொண்டு சென்றார்கள். கோடக்கன் பிள்ளை வழக்கு என்று சட்டம் பயில்வோர் இன்றும் படிக்கிறார்கள். ஒரு சமூகத்துக்கு மட்டும் குறைபாடு விளைக்கும் சட்டம் செய்யலாகாது என்று சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு கூறியது. அதனை எடுத்துக்காட்டி வாதிட்டனர். இலங்கை உயர்நீதிமன்றம் 1951 இல், சட்டத்தின் சொற்கள் தெளிவாக இருக்கும்போது அதன் விளைவையும் உள்நோக்கத்தையும் ஆராய்வது தம் வேலையன்று என்றது. 1953 இல் இலண்டன் கோமறை மன்றமும் மேன்முறையீட்டைத் தள்ளிவிட்டது. சொல்லில் இல்லையாம், ஆகையால் செயலிலும் இல்லையாம்! பவணந்தியாரின் மாணவன் அந்த ஆசனத்தில் அமர்ந்திருந்தால், மறைந்து நிற்கும் உருபும் பொருள் தரும் என்று எழுதியிருப்பான்.

1964 ஒக்டோபர் 30 இல் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியாரும் புதுடில்லியில் கையொப்பமிட்டனர். 9,75,000 பேரை 'இந்திய வம்சாவளியினர்' என்று பெயரிட்டுப் பங்கு போட்டனர். 5,25,000 அங்கே, 3,00,000 இங்கே, எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் சரிபாதியாக வகுத்தனர். பங்கு பிரிக்கப்பட்டவரிடம் எந்த அடைமொழி உனக்கு வேண்டும் என்று இரு தலைநகரத்திலும் எவரும் கேட்டதாக வரலாறு இல்லை. மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் தலைமன்னாரில் கப்பலேறினர். இறங்கியபின் நேர்ந்ததைக் கேளுங்கள். நீலகிரியில் கோத்தகிரியிலும் கூடலூரிலும் குடியேறியவருக்கு அரசு வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. ஊரார் வைத்த பெயரோ 'சிலோன்காரர்'. இங்கே இந்தியன் என்று ஒதுக்கப்பட்டவன், கடலைத் தாண்டியவுடன் சிலோன்காரன் ஆனான். தேயிலைப் பெட்டிக்கு எளிதில் கிடைத்த அடைமொழி அவனுக்கும் கடைசியில் கிடைத்தது. எங்கே அது வசையாகுமோ அங்கே கிடைத்தது!

இச்சொல்லை நாமே விரும்பிச் சூடிய காலமும் உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. 1939 இல் நேரு பண்டிதர் வந்து போனதை ஒட்டி எழுந்த அமைப்புக்கு இலங்கை இந்தியக் காங்கிரஸ் என்று பெயர் வைத்தவர் நம்மவரே. அந்நாளில் இந்தியன் என்றால் காந்தியடிகளின் நாட்டவன். வெள்ளைத் துரைக்கு முன்னால் தலைநிமிர்ந்து நிற்க அப்பெயர் ஒரு முதுகெலும்பாக உதவியது. அதைச் சூடியவரை நான் குறைகூற மாட்டேன். ஆனால் பாராளுமன்றத்தில் அதே பெயர் நமக்கு எதிரான வாதமாகத் திரும்பியது. 1950 இல் தொழிற்சங்கம் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்று பெயர் மாறியது. இந்தியன் போய்த் தொழிலாளர் வந்தது. வேலுப்பிள்ளை 1954 இல் தம் ஆங்கிலக் கவிதை நூலுக்கு இலங்கைத் தேயிலைத் தோட்டம் என்றே பொருள்படும் தலைப்பை வைத்தார். பின்வந்த ஆசிரியரும் இளைஞரும் எழுத்தாளரும் 'மலையகம்' என்னும் சொல்லை முன்வைத்தனர். எங்கிருந்து வந்தவன் என்று கேட்கும் பெயரை விலக்கி, எங்கே நிற்கிறவன் என்று சொல்லும் பெயரைக் கொண்டனர். யாரும் நமக்கு இட்ட பெயரன்று அது. நாம் நமக்கு இட்டது.

சட்டப் புத்தகம் மட்டும் மெதுவாகவே நடக்கிறது. எஞ்சிய நாடற்றோருக்கு 2003 இல் பிரசாவுரிமை வழங்கிய 35 ஆம் இலக்கச் சட்டம் நன்மை செய்த சட்டம், ஐயமில்லை. அதன் தலைப்போ 'இந்திய வம்சாவளியினருக்கு' வழங்கும் சட்டம்! நீ இலங்கையன் என்று சொல்லும் தாளின் நெற்றியிலும் பழைய சொல்லே. குடிசன மதிப்பில் 1981 இல் இந்தியத் தமிழர் 8,18,656 பேர். 2012 இல் 8,39,504 பேர். முப்பத்தோராண்டில் இவ்வளவுதான் பெருகினோமா? அவ்விடையே கப்பலேறிய குடும்பங்கள் உண்டு. பிள்ளைகள் எங்கே தடைப்படுவரோ என்று அஞ்சியோ, இந்தச் சொல் வேண்டாம் என்று வெறுத்தோ, இலங்கைத் தமிழர் என்று எழுதிக்கொண்டவரும் மிகப் பலர் என்று ஆய்வாளர் கூறுகின்றனர்.

இது பற்றி நம்மிடையே இரு கருத்து உண்டு. 'இலங்கைத் தமிழர்' என்றே எல்லாரும் எழுதுவோம், வேற்றுமை ஒழியட்டும் என்பது ஒன்று. அப்படி எழுதினால் தோட்டத்து லயன் அறைக்கும், பள்ளிக்கூடத்துக்கும், காணிக்கும் கேட்க வேண்டிய தனிக் கணக்கே அழிந்து போகும் என்பது மற்றொன்று. என் சார்பு இரண்டாவதன் பக்கம். இலங்கையர் என்பது நம் பிரசாவுரிமை. தமிழர் என்பது நம் மொழி. மலையகம் என்பது நம் வரலாறும் வாழ்விடமும். மூன்றையும் மூன்றாக விரித்தே எழுதுவோம். தொகுத்தால் மயங்கும் என்று மேலே சொன்னேன் அல்லவா?

2023 இல் இருநூறாண்டு நினைவாக நம்மவர் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மீண்டும் நடந்தபோது ஏந்திச் சென்ற பெயர் மலையக மக்கள் என்பது. அடுத்து வந்த 2024 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் பழைய பெயருக்குப் பக்கத்தில் சாய்கோடு இட்டு 'மலையகத் தமிழர்' என்பதையும் சேர்த்திருக்கிறார்கள். நூற்றுப் பதின்மூன்று ஆண்டுக்குப் பின் ஒரு சாய்கோடு! இனிப் பிறக்கும் பிள்ளைக்குப் பதிவாளரிடம் போகும் தந்தையார், அவர் எழுதும் வரையில் காத்திராமல், இனம் என்னும் இடத்தில் இன்னது எழுதுங்கள் ஐயா என்று தாமே வாய்திறந்து சொல்லவேண்டும். எழுதிய பின் ஒரு முறை வாசித்தும் பார்க்கவேண்டும். வாசிக்கத் தெரியாதவர் உடன் ஒரு பள்ளிப் பிள்ளையை அழைத்துச் செல்லட்டும்.